தொலைந்துபோன பாலேக்களை மறுபடி மேடையேற்றுவது எப்படி?

பாலே என்றதும் நம்மில் பலருக்கு ‘ஸ்வான் லேக்’, ‘நட்கிராக்கர்’ என்று இரண்டு பெயர்கள் வரும். கொஞ்சம் பார்த்துப் பழகியவர்கள் ‘ஜிசெல்’, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்று இன்னும் நாலைந்து சேர்ப்பார்கள், அத்தோடு சரி. பெரிய பாலே கம்பெனிகளும் வருஷா வருஷம் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் சுற்றி வருகின்றன. இத்தனைக்கும் மாரியஸ் பெத்திப்பா என்ற ஒரே ஆள், 1847இல் பிரான்ஸிலிருந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலேக்களை அமைத்திருக்கிறார். இன்று அவற்றில் மிகச் சிலதான் தொடர்ந்து ஆடப்படுகின்றன. மற்றவை இசைத்தாளாகவும், உடை வரைபடமாகவும், ஒன்றிரண்டு புகைப்படமாகவும் நின்றுவிட்டன.

நின்றுபோன அந்தப் பாலேக்களைத் தேடிப் பிடித்து, இன்றைய ஆட்களை வைத்து, இன்றைய ரசிகர்கள் முன்னால் மறுபடி ஆட வைப்பதைத்தான் மீட்டுருவாக்கம் என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும். பழைய படத்தின் பிரிண்ட் கிடைத்துவிட்டது, தூசி தட்டிப் போட்டோம் என்பது மாதிரி. ஆனால் இங்கே பிரிண்ட் என்ற ஒன்றே கிடையாது.

நாடகம் என்றால் வசனம் அச்சில் இருக்கும். இசை என்றால் தாளில் ஸ்வரம் இருக்கும். நடனம் ஆடுபவர் உடம்பில்தான் இருந்தது. மூத்த நடனக்காரர் இளையவருக்கு எதிரில் நின்று ஆடிக்காட்டுவார், அவர் பிடித்துக்கொள்வார், இருபது வருஷம் கழித்து இவர் இன்னொருவருக்குக் காட்டுவார். கர்நாடக சங்கீதத்தில் பாடாந்தரம் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்: ஒரே கீர்த்தனை, இந்தப் பரம்பரையில் ஒரு சங்கதி கூட, அந்தப் பரம்பரையில் ஒன்று குறைவு, இரண்டு பேரும் ‘எங்களுடையதுதான் அசல்’ என்பார்கள். இந்தச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும்வரை பாலே மாறிக்கொண்டே உயிரோடு இருக்கும். ஒரு பாலேயை இருபது முப்பது வருஷம் ஆடாமல் விட்டால் தெரிந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றிருப்பார்கள், அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

‘ஜிசெல்’ நல்ல உதாரணம். பாரிஸில் 1841இல் அரங்கேறிய பாலே அது. 1868க்குப் பிறகு பாரிஸ் ஆப்ரா அதைக் கைவிட்டது. ரசனை மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ரஷ்யாவுக்குப் போயிருந்த ‘ஜிசெல்’ அங்கே பெத்திப்பாவின் கைபட்டுத் தொடர்ந்து ஆடப்பட்டது. கடைசியில் 1924இல் பாரிஸ் ஆப்ரா தன்னுடைய சொந்தப் பாலேயை மறுபடி கற்றுக்கொள்ள ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் நிக்கோலாய் செர்கேயெவ். இந்தக் கதை முழுவதற்கும் அவர்தான் முக்கியமான ஆள், அதனால் அவரிடம் கொஞ்சம் நிற்கலாம்.

பீட்டர்ஸ்பர்க் அரசவை பாலேவில் விளாதிமிர் ஸ்டெபனோவ் என்று ஒரு நடனக்காரர் இருந்தார். உடம்பின் அசைவுகளை இசைக்குறிப்பு மாதிரியே எழுதிவைக்க ஒரு முறையைக் கண்டுபிடித்து 1892இல் பாரிஸில் புத்தகமாகப் போட்டார். 1896இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். ஆனால் அவருடைய முறையை அரசவை பாலே எடுத்துக்கொண்டது. பெத்திப்பா ஒத்திகை நடத்தும்போதே உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆட்கள் இருந்தார்கள். அந்தக் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் பொறுப்பில் வைத்திருந்த மேலாளர்தான் செர்கேயெவ். 1917 புரட்சிக்குப் பிறகு அவர் நாட்டை விட்டுக் கிளம்பியபோது அவற்றையும் கையோடு கொண்டுபோய்விட்டார். எடுத்துப் போனாரா, திருடிப் போனாரா என்று இன்றுவரை பேசுவார்கள். எது எப்படியோ, 1930களில் லண்டனில் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த விக்-வெல்ஸ் பாலேவுக்கு (இன்றைய ராயல் பாலே) அவர் ‘ஜிசெல்’, ‘ஸ்வான் லேக்’, ‘நட்கிராக்கர்’, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ எல்லாம் சொல்லிக்கொடுத்தது இந்தக் குறிப்பேடுகளை வைத்துத்தான். 1951இல் அவர் இறந்தபின் அவை கைமாறி, 1969இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இருபதுக்கும் மேற்பட்ட பாலேக்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன.

சரி, குறிப்பு இருக்கிறதே, படித்து ஆட வேண்டியதுதானே?

ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் பிரச்சினை தெரியும். பார்க்க இசைத்தாள் மாதிரியே கோடுகள். மேலே இரண்டு கோடு தலைக்கும் உடலுக்கும், நடுவில் மூன்று கோடு கைகளுக்கு, கீழே நான்கு கோடு கால்களுக்கு. கோடுகளின் மேல் சின்னச் சின்னக் குறிகள், எந்த மூட்டு எந்தக் கோணத்தில் மடங்க வேண்டும், எத்தனை தாள எண்ணிக்கைக்குள் என்று சொல்வதற்கு. தனியே மேடையின் தரைப்படம், யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று அம்புக்குறியோடு. இதெல்லாம் சரிதான். ஆனால் பல பக்கங்களில் நிரம்பியிருப்பது கால்களுக்கான கோடுகள் மட்டும், கைக்கும் தலைக்கும் உரிய இடம் வெறுமையாகக் கிடக்கும். ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்போது அவசர அவசரமாக எழுதினால் வேறு எப்படி இருக்கும்? கைகள் எப்படிப் போகும் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும், அதனால் எழுதவில்லை. இன்று யாருக்கும் தெரியாது. அபிநயப் பகுதிகளில் குறியே இல்லாமல், இன்னார் இன்னாரிடம் இப்படிச் சொல்கிறார் என்று ரஷ்ய மொழியில் வசனமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த ஓட்டைகளை நிரப்ப, மீட்டெடுப்பவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் புரட்டுகிறார்கள். பழைய புகைப்படங்கள், பத்திரிகை விமர்சனங்கள், உடைகளின் வரைபடங்கள், அப்புறம் ஒத்திகை இசைத்தாள்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒத்திகைக்குப் பியானோ கிடையாது, ஒன்றிரண்டு வயலின்தான். அந்த வயலின் தாள்களில் ஸ்வரத்துக்கு மேலேயே ‘இங்கே அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள்’ என்கிற மாதிரிக் குறிப்புகள் எழுதியிருக்கும். எந்த அசைவு எந்த இசைத் துணுக்கில் வரவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த வேலை பெரிய அளவில் உலகத்தின் கண்ணில் பட்டது 1999இல். பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் செர்கேய் விகாரெவ், 1890இல் அரங்கேறிய ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை ஹார்வர்டு குறிப்புகளை வைத்து, பழைய உடை, பழைய அரங்க அமைப்போடு திரும்பக் கொண்டுவந்தார். இடைவேளைகளோடு கிட்டத்தட்ட நாலு மணி நேரம். வெளியூர் ரசிகர்கள் வாயடைத்துப் போனார்கள். எதிர்ப்பு வந்தது எங்கே தெரியுமா? மரீன்ஸ்கிக்கு உள்ளேயே. அங்கே எல்லோரும் சின்ன வயதிலிருந்து கற்றது 1952இல் கான்ஸ்டன்டின் செர்கேயெவ் திருத்தி அமைத்த வடிவம் (இவர் வேறு, குறிப்பேட்டுக்காரர் வேறு). அவர்களைப் பொறுத்தவரை அதுதான் பாரம்பரியம், இதுவோ யாரோ காகிதத்தைப் பார்த்துக் கட்டியது. கடைசியில் அரங்கமும் 1952 வடிவத்துக்கே திரும்பிப் போய்விட்டது. எனக்கு இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. அறுந்துபோகாமல் கைமாறி வந்தது ஒன்று, வயதில் மூத்தது இன்னொன்று, எதை அசல் என்பீர்கள்?

அடுத்து அலெக்ஸி ரட்மான்ஸ்கி. மாஸ்கோவின் போல்ஷோய் பாலேவின் இயக்குநராக இருந்து, பிறகு அமெரிக்கா போனவர். அவரும் மனைவி தத்தியானாவும் ஸ்டெபனோவ் குறிமுறையைப் படிக்கக் கற்றுக்கொண்டு, ம்யூனிக்கில் ‘பக்கீட்டா’ (2014), அமெரிக்கன் பாலே தியேட்டரில் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ (2015), சூரிக்கில் ‘ஸ்வான் லேக்’ (2016) என்று வரிசையாகச் செய்தார்கள். விகாரெவ் படிகளை மீட்டார் என்றால், ரட்மான்ஸ்கி ஆடும் விதத்தையும் மீட்கப் பார்த்தார். அங்கேதான் நடனக்காரர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

இன்றைய பாலேரினா ஒருவர் காலைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதம் காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சிறுமியாக இருக்கும்போதே இதற்காகப் பழக்குகிறார்கள், ரசிகர்களும் இதற்குத்தான் கைதட்டுகிறார்கள். 1890இல் கால் இடுப்பு உயரத்தைத் தாண்டுவது அபூர்வம். சுழலும்போது இன்று நுனிவிரலில் செய்கிற சில சுற்றுகளை அன்று பாதி உயர்ந்த பாதத்தில் செய்தார்கள். முட்டி எப்போதும் விறைப்பாக நீண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரட்மான்ஸ்கி இதையெல்லாம் அப்படியே கேட்டார். காலைத் தூக்காதே என்றால் சுலபம்தானே என்று தோன்றும். இல்லை, வருஷக்கணக்கில் உடம்பில் ஏறிய பழக்கத்தை ஒவ்வொரு நொடியும் அடக்க வேண்டும். அதோடு வேகம். கால் மேலே போய் இறங்க நேரம் வேண்டும் என்பதற்காக 20ஆம் நூற்றாண்டு முழுக்க இசையைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். காலைக் கீழே இறக்கினால் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’க்கு இசையமைத்த சைக்கோவ்ஸ்கி எழுதிய வேகத்துக்குத் திரும்பலாம், திரும்பினால் சின்னச் சின்னக் காலடிகள் மழை மாதிரி வந்து விழும், மூச்சு வாங்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ‘என்ன இது, அடக்கி வாசிக்கிறார்களே’ என்று இருக்கும். ஒரு அங்கம் போனதும் கண் பழகிவிடும், அப்புறம் மற்ற வடிவங்கள் இழுவையாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

அபிநயமும் திரும்பி வந்தது. சோவியத் காலத்தில் இது பழைய சரக்கு என்று வெட்டி, அந்த இடங்களை நடனமாக மாற்றிவிட்டார்கள். ‘ஸ்வான் லேக்’ இரண்டாம் காட்சியில் ஓடெட் தன் கதையை இளவரசனுக்குச் சொல்லும் இடம் அப்படிப் போனதுதான். இந்த ஏரி என் தாயின் கண்ணீரால் ஆனது என்று கையாலேயே சொல்லும் இடம் அது. லண்டனில் செர்கேயெவ் சொல்லிக்கொடுத்ததால் அங்கே தப்பித்தது. பாலே அபிநயத்தில் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் சுழற்றினால் நடனம், மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம், முகத்தைச் சுற்றிக் கையை வளைத்தால் அழகு, முஷ்டி மடக்கி மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் சாவு. இந்த நாலைத் தெரிந்துகொண்டு போனாலே பாதிக் கதை புரியும். பரதநாட்டிய மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பழகிய நமக்கு இது ஐரோப்பிய ரசிகரைவிட லேசாகவே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

குறிப்பே இல்லாவிட்டால்? அதற்கு ‘வசந்தத்தின் சடங்கு’ இருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை, நிஜின்ஸ்கியின் நடன அமைப்பு, 1913 மே 29 பாரிஸில் முதல் நாளே அரங்கில் ரகளை ஆன பாலே. மொத்தமே பத்துக் காட்சிகள்கூட ஆடப்படவில்லை. நடனம் போய்விட்டது, இசை மட்டும் உலகப் புகழ் பெற்றது. 1970களில் மிலிசென்ட் ஹாட்சன் என்ற அமெரிக்க நடனக்காரர் இதைத் தேட ஆரம்பித்தார், உடை, அரங்க அமைப்புப் பக்கத்தைக் கலை வரலாற்றாளர் கென்னத் ஆர்ச்சர் பார்த்துக்கொண்டார், பின்னாளில் இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள். நிஜின்ஸ்கிக்கு ஒத்திகையில் உதவிய மேரி ராம்பெர்ட் அப்போது லண்டனில் உயிரோடு இருந்தார். அவர் இசைத்தாளில் எழுதிவைத்திருந்த குறிப்புகள், அரங்கில் உட்கார்ந்து வாலன்டைன் கிராஸ் வரைந்த கோட்டோவியங்கள், தப்பிப் பிழைத்த நிஜ உடைகள், விமர்சகர்கள் திட்டி எழுதியது எல்லாவற்றையும் ஒட்டி, 1987இல் ஜாஃப்ரி பாலே மூலம் லாஸ் ஏஞ்சலிஸில் மேடையேற்றினார்கள். உள்ளே திருப்பிய பாதங்கள், கூன் விழுந்த உடம்பு, தரையை மிதிக்கும் குதிப்பு என்று பார்த்தால் இன்றும் திக்கென்று இருக்கும். அதே சமயம் படங்களுக்கு இடையில் உள்ள அசைவை எல்லாம் ஹாட்சன்தானே கட்டியிருக்கிறார், இதை நிஜின்ஸ்கி என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியும் போகவில்லை. (அந்த உடைகளை வடிவமைத்த நிக்கோலஸ் ரோரிக் பிற்காலத்தில் இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கில் குடியேறி, 1947இல் நக்கரில் காலமானார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம், மணாலி போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.)

இதுவரை சொன்னது எப்படி மீட்பது என்ற கதை. மீட்டதை இன்றைய ரசிகர் முன்னால் வைக்கலாமா என்பது அடுத்த சங்கடம். ‘லா பயாதேர்’ பாலேயை எடுத்துக்கொள்ளுங்கள். பெத்திப்பா 1877இல் அமைத்தது, இசை மின்குஸ். கதை நடப்பது இந்தியாவில்: நிக்கியா என்ற கோயில் நடனப் பெண், அவளைக் காதலிக்கும் வீரன், அவனுக்கு மகளைக் கட்டிவைக்கும் ராஜா, நிக்கியா மேல் கண் வைக்கும் தலைமைப் பூசாரி, பூக்கூடைக்குள் பாம்பு. இசையோ முழுக்க வால்ட்ஸ், போல்கா என்று ஐரோப்பிய நடன மெட்டுகளாக ஓடும். நம்மூர்க்காரர் பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஆனால் இந்தப் பாலேவின் பின்னால் தமிழ்நாட்டு நிஜம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1838இல் புதுச்சேரிப் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளின் சிறு குழு ஒன்றைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பாரிஸுக்கும் லண்டனுக்கும் அழைத்துப் போனார். அதில் அம்மணி என்ற பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி எழுதியவர் தெயோஃபீல் கோத்தியே, ‘ஜிசெல்’ கதையை எழுதியவர்களில் ஒருவர். 1858இல் அவரே சகுந்தலை கதையைப் பாலேவாக எழுத, அதற்கு நடனம் அமைத்தவர் பெத்திப்பாவின் அண்ணன் லூசியன். அந்தக் கற்பனை இந்தியாதான் தம்பி வழியாக ரஷ்ய மேடைக்குப் போனது. வழியில் அம்மணி காணாமல் போய்விட்டார்.

இதை என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு வழி. ரட்மான்ஸ்கி 2018இல் பெர்லினில் பழைய குறிப்புகளை வைத்தே முழுசாக மீட்டார். 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வெட்டப்பட்ட, கோயில் இடிந்து விழும் கடைசி அங்கமும் அதில் உண்டு. 1980இல் நடாலியா மகரோவா அந்த அங்கத்தை நியூயார்க்கில் திரும்பக் கொண்டுவந்தபோது, மூல இசை கையில் இல்லாமல் வேறொருவரை வைத்து எழுத வேண்டியிருந்தது. 2024இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டக் ஃபுல்லிங்டனும் ஃபில் சானும் வேறு மாதிரி யோசித்தார்கள்: படிகள் பெத்திப்பாவுடையவை, கதையை மட்டும் இந்தியாவிலிருந்து பெயர்த்து 1930களின் ஹாலிவுட்டில் வைத்துவிட்டார்கள். சென்னையில் பிறந்து லண்டனில் இயங்கும் ஷோபனா ஜெயசிங் 2015இல் செய்தது மீட்பே அல்ல, கோத்தியே எழுதிய குறிப்புகளையும் அந்த 1838 பயணத்தையும் எடுத்துக்கொண்டு பாலேவையே குறுக்கு விசாரணை செய்யும் புதிய நடனம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் ‘நிழல்களின் உலகம்’ காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய பெத்திப்பாவிடம்தான் போக வேண்டும். சரிவான மேடையில் வெள்ளை உடைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு இறங்கி வந்து மேடையை நிறைக்கும் அந்தக் காட்சிக்கு எந்த நாடும் தேவைப்படவில்லை. 1900இல் 48 பேர் இறங்கினார்கள், இப்போது 32 அல்லது 24, சம்பளக் கணக்கு அப்படி.

பணம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. அருமையாக மீட்டாலும் கூட்டம் வரும் என்று சொல்ல முடியாது. 1921இல் ரஷ்ய பாலே குழு ஒன்றை ஐரோப்பாவில் நடத்திவந்த டியாகிலெவ், இதே செர்கேயெவ் குறிப்பேடுகளின் உதவியோடு ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கில் போட்டார். லியோன் பாக்ஸ்ட் வரைந்த உடைகள், காசைக் கொட்டிய அரங்க அமைப்பு. 105 காட்சிகள் ஓடியும் கடன் அடையவில்லை. அரங்க முதலாளி உடைகளையும் திரைகளையும் பிடித்து வைத்துக்கொண்டார். அதே ஊரில் 1946 பிப்ரவரியில், போர் முடிந்து கவன்ட் கார்டன் அரங்கம் மறுபடி திறந்தபோது அதே பாலேயைத்தான் போட்டார்கள், ஊரே திரண்டு வந்தது. ரேஷனில் துணி வாங்கிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அரண்மனையும் இளவரசியும் வேண்டியிருந்தது. அப்புறம் 2015இல் ரட்மான்ஸ்கி வடிவத்துக்கு உடை செய்தவர்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டது, அன்று லண்டனில் கடனில் முழுகிய அதே பாக்ஸ்ட் வரைபடங்களை.

படிகள் சுத்தமாக அழிந்து, இசை மட்டும் மிஞ்சியவையும் இருக்கின்றன. ஷோஸ்தகோவிச் இசையமைத்த ‘பிரைட் ஸ்ட்ரீம்’ 1935இல் வந்தது, கூட்டுப் பண்ணை ஒன்றில் நடக்கும் நகைச்சுவை. 1936 பிப்ரவரியில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான ‘பிராவ்தா’ தாக்கி எழுதியதும் நிறுத்தப்பட்டது. கதை எழுதியவர்களில் ஒருவரான ஆட்ரியான் பியத்ரோவ்ஸ்கி அடுத்த வருஷம் கொல்லப்பட்டார். ரட்மான்ஸ்கி 2003இல் போல்ஷோயில் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு படியையும் தானே புதிதாக அமைத்தார், அப்படியே வெளிப்படையாகவும் சொன்னார். எனக்கு வேண்டியதெல்லாம் இந்த வெளிப்படைதான். நிகழ்ச்சித் தாளில் ‘நடன அமைப்பு: பெத்திப்பா’ என்று போட்டிருக்கிறதா, ‘பெத்திப்பாவைத் தழுவி’ என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகையில் ஒரு நிமிஷ மிச்சம் முதல் முக்கால்வாசி அசல் வரை எதுவும் இருக்கலாம். மறைந்த பியேர் லக்கோத் 2000இல் போல்ஷோய்க்கு அமைத்த ‘ஃபாரோவின் மகள்’ பெரும்பாலும் அவருடைய சொந்தக் கைவேலை. பார்க்கப் பிரமாதமாக இருக்கும், 1862இன் பெத்திப்பா என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், சிரித்துக்கொண்டே பார்க்க ‘பிரைட் ஸ்ட்ரீம்’. மீட்டுருவாக்கம் என்பதன் முழு வாசனை வேண்டுமென்றால் 2011இல் மிலான் லா ஸ்காலாவில் விகாரெவ் செய்த ‘ரேமோண்டா’, டிவிடி வந்திருக்கிறது, கதை சப்பென்று இருக்கும், உடைக்கும் இசைக்கும் கடைசி அங்கத்துக்கும் பார்க்கலாம். ‘வசந்தத்தின் சடங்கு’ ஹாட்சன் வடிவத்தை மரீன்ஸ்கி ஆடிய பதிவு முக்கால் மணி நேரத்துக்கு உள்ளேயே முடிந்துவிடும். அதைப் பார்க்கும்போது சத்தத்தைக் கூட்டி வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டால் 1913இல் பாரிஸிலும் இப்படித்தான் கேட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.